இயற்பியலுக்குத் தத்துவம் என்ன செய்தது?

தென்னாப்பிரிக்காவில் மெட்ரிக் எழுதும் பிள்ளைகள் ஒளிமின் விளைவைப் படிக்காமல் தப்ப முடியாது. உலோகத்தின் மேல் ஒளி விழுகிறது, எலக்ட்ரான் வெளியே வருகிறது. ஒளியின் அதிர்வெண் ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால் எவ்வளவு வெளிச்சம் போட்டாலும் எலக்ட்ரான் வராது. சமன்பாடு தெரிந்தால் கணக்குப் போட்டுவிடலாம், மார்க்கும் வந்துவிடும். அதை 1905இல் விளக்கியவர் ஐன்ஸ்டைன் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியும். அதற்கு முந்தைய இரண்டு மூன்று வருஷங்களில் அவர் நண்பர்களோடு உட்கார்ந்து எதைப் படித்தார் என்பது மட்டும் பாடத்தில் வருவதில்லை. அவர்கள் படித்ததில் பெரும்பகுதி தத்துவம்.

இதை டர்பனில் நம் ஆட்களிடம் சொன்னால் இரண்டு விதமான பதில் வரும். ஒன்று: "தத்துவமெல்லாம் வயசான காலத்தில் பேசுவது, இஞ்சினியருக்குப் படிக்கப்போகிற பிள்ளைக்கு எதற்கு?" இன்னொன்று, புரட்டாசி மாதத்திலும் காவடி சமயத்திலும் கோயில் மண்டபங்களில் கேட்பது: இன்றைக்கு விஞ்ஞானம் சொல்வதை நம் பெரியவர்கள் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். இரண்டு பேச்சுக்குப் பின்னாலும் நியாயமான அக்கறை இருக்கிறது. 1860இலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலியாக உழைத்த குடும்பங்கள் படிப்பைப் பிடித்துக்கொண்டு மேலே வந்த கதை முதலாவதில் இருக்கிறது. வீட்டுப் பேச்சில் தமிழ் தேய்ந்துபோன ஒரு சமூகம் தன் மரபை விடமாட்டேன் என்று பிடித்து நிற்பது இரண்டாவதில் இருக்கிறது. ஆனால் இயற்பியலில் உண்மையாக நடந்ததற்கு இரண்டுமே பொருந்தாது.

தத்துவம் இயற்பியலுக்கு விடைகளைக் கொண்டுவந்து கொடுத்ததாகச் சொல்ல முடியாது. எந்தக் கேள்விக்கு அர்த்தம் உண்டு, எந்தக் கேள்வி வெறும் பழக்கத்தால் கேட்கப்படுகிறது என்று பிரித்துக் காட்டுவதில்தான் அதன் வேலை இருந்தது. அந்தப் பிரிப்பு, அளந்து பார்க்கக்கூடிய ஓர் எண்ணில் போய் முடிந்தபோதெல்லாம் இயற்பியல் நகர்ந்தது. எண்ணுக்கு வராமல் கொள்கையாகவே நின்றுவிட்டபோது ஒன்றும் நடக்கவில்லை. சில சமயம் வளர்ச்சிக்கு அதுவே தடையாகவும் நின்றது.

உள்ளது போகாது, இல்லது வாராது

சைவ சித்தாந்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வரி புதிதில்லை. உள்ள பொருள் அழியாது. இல்லாததிலிருந்து எதுவும் தோன்றாது. காரியம் காரணத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆற்றல் அழிவின்மை விதியும் இதைத்தானே சொல்கிறது என்று பேச்சாளர்கள் கேட்பார்கள். ஒப்புமை உண்மைதான். கிரேக்கர்களிடமும் இதே எண்ணம் இருந்தது. அப்படியானால் அது எப்போது இயற்பியல் ஆனது?

1840இல் ராபர்ட் மேயர் என்ற ஜெர்மன் டாக்டர் டச்சுக் கப்பல் ஒன்றில் ஜாவாவுக்குப் போனார். அங்கே மாலுமிகளுக்கு வைத்தியத்துக்காக ரத்தம் எடுத்தபோது, சிரை ரத்தம் ஐரோப்பாவில் பார்த்ததைவிட நல்ல சிவப்பாக இருந்தது. வெயில் நாட்டில் உடம்பு தன் சூட்டைக் காப்பாற்றக் குறைவாக எரித்தால் போதும், அதனால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் மிச்சமாகிறது என்று யோசித்தார். சாப்பாடு, உடம்புச் சூடு, கைகால் செய்யும் வேலை மூன்றும் ஒரே கணக்கில் வரவேண்டும் என்ற எண்ணம் அங்கே பிடித்துக்கொண்டது. 1842இல் அவர் வெளியிட்ட கட்டுரை, காரணமும் காரியமும் சமம் என்ற பழைய லத்தீன் தத்துவ வாசகத்தை அடிப்படையாக எடுத்துக்கொள்கிறது.

இதுவரை அவர் சொன்னதற்கும் நம் வரிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அடுத்த அடிதான் முக்கியம். காரணமும் காரியமும் சமம் என்றால், எவ்வளவுக்கு எவ்வளவு சமம்? தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பமும், அதே எடை எவ்வளவு உயரத்திலிருந்து விழுவதும் சமம்? வாயுக்களின் வெப்பம் பற்றி அன்றைக்குத் தெரிந்திருந்த அளவுகளை வைத்து 365 மீட்டர் என்று கணக்கிட்டார். சரியான எண் ஏறக்குறைய 427 மீட்டர். மேயரின் எண் பிழையானதுதான், ஆனாலும் அது எண். அதே பத்தாண்டில் இங்கிலாந்தில் ஜூல் தண்ணீரைத் துடுப்புச் சக்கரத்தால் கலக்கி அளந்து அதைத் திருத்த முடிந்தது, காரணம் திருத்துவதற்கு அங்கே ஒன்று இருந்தது.

ஆகவே மண்டபத்தில் பேசுகிறவர் சொல்வதில் பாதியை நான் மனதார ஏற்கிறேன். அந்த எண்ணம் ஆழமானது, அது இல்லாமல் மேயர் தேடியிருக்கவே மாட்டார். மறுபாதி, "எது அழியாமல் இருக்கிறது, எவ்வளவு?" என்ற கேள்வி. அதைக் கேட்ட பிறகுதான் விதி வந்தது.

கோபன்ஹேகனில் 1820இல் மின்னோட்டம் திசைகாட்டி முள்ளை அசைப்பதைக் கண்ட ஓர்ஸ்டெட்டுக்குப் பின்னாலும் இப்படி ஒரு நம்பிக்கை இருந்தது: கான்ட், ஷெல்லிங் என்ற ஜெர்மன் தத்துவவாதிகள் வழியாக வந்த, இயற்கையின் சக்திகள் எல்லாம் அடியில் ஒன்றே என்ற நம்பிக்கை. மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உறவு இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தவர் அவர்.

பெர்ன் நகரில் மூன்று நண்பர்கள்

1902இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஐன்ஸ்டைன், மோரிஸ் சோலோவின், கான்ராட் ஹாபிக்ட் மூவரும் கூடிப் படிக்க ஆரம்பித்தார்கள். தங்கள் கூட்டத்துக்கு ஒலிம்பியா அகாடமி என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். ஹ்யூம், ஸ்பினோசா, மில், மாக், பொயின்காரே என்று போனது அவர்கள் படிப்பு. ஐன்ஸ்டைன் அப்போது காப்புரிமை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பல்கலைக்கழகப் பதவி எதுவும் கிடையாது.

இவர்களில் ஹ்யூமும் மாக்கும் அவரைப் பிடித்து உலுக்கியவர்கள். 18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துக்காரரான ஹ்யூம் ஒரு கடுமையான சோதனையை வைத்திருந்தார்: ஒரு கருத்தை எடுத்துக்கொள், அது எந்த அனுபவத்திலிருந்து வந்தது என்று தேடு, எந்த அனுபவமும் அகப்படவில்லை என்றால் அந்தக் கருத்தின் மேல் சந்தேகப்படு. காரணம், காரியம் என்பதையே அவர் இப்படிக் குடைந்தார். ஒன்றன்பின் ஒன்று வருவதைப் பார்க்கிறோம். ஒன்று மற்றொன்றை வரவைப்பதை எங்கே பார்த்தோம்?

1883இல் வியன்னா மரபைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் மாக் இந்தச் சோதனையை நியூட்டன் மேல் வைத்தார். 1687இல் நியூட்டன் எழுதிய இயக்கவியலில் தனிமுதலான வெளியும் தனிமுதலான காலமும் இருந்தன. உலகில் எந்தப் பொருளும் இல்லாவிட்டாலும் வெளி இருக்கும். எதுவும் மாறாவிட்டாலும் காலம் ஓடும். ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ் 1715, 1716 வாக்கிலேயே இதை எதிர்த்துக் கடிதங்கள் எழுதினார்: கடவுள் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்துச் சற்றுத் தள்ளிப் படைத்திருந்தால் என்ன வித்தியாசம் தெரியும்? ஒன்றும் தெரியாது என்றால் அதை வித்தியாசம் என்று எப்படிச் சொல்வது? மாக் இதே பக்கம் நின்று, அளக்கவே முடியாத காலமும் வெளியும் இயற்பியலுக்குத் தேவையில்லாத சுமை என்றார்.

ஐன்ஸ்டைன் இதை எப்படிப் பயன்படுத்தினார் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். டர்பனில் ஒரு மின்னல், கேப் டவுனில் ஒரு மின்னல். இரண்டும் ஒரே நேரத்தில் அடித்தன என்று சொல்கிறோம். எப்படித் தெரியும்? இரண்டு ஊரிலும் கடிகாரம் இருக்கிறது, இரண்டும் ஒரே மணி காட்டியது என்பீர்கள். சரி, அந்த இரண்டு கடிகாரமும் ஒத்துப்போகின்றன என்பது எப்படித் தெரியும்? டர்பனிலிருந்து கேப் டவுனுக்கு ஓர் ஒளிச் சைகை அனுப்பி, அது திரும்பி வரும் வரை ஆன நேரத்தைப் பாதியாக்கி, சைகை போய்ச் சேர்ந்த நேரம் இது என்று வைத்துக்கொள்ளலாம். போவதற்கு மட்டும் ஒளிக்கு நான்கு மில்லிசெகண்டுக்குச் சற்று மேலே ஆகும். இங்கேதான் கவனிக்க வேண்டும். போக ஆன நேரமும் வர ஆன நேரமும் சமம் என்று நாமே எடுத்துக்கொண்டோம். ஒரு திசையில் மட்டும் ஒளி எடுக்கும் நேரத்தை அளக்க, முன்பே ஒத்துப்போகும் இரண்டு கடிகாரங்கள் வேண்டும். அப்படி ஒத்துப்போக வைக்கத்தான் இந்த வேலையே.

ஆக, "ஒரே நேரம்" என்பது நாம் ஒரு விதியைப் பின்பற்றிப் பெறும் முடிவு. டர்பனுக்கும் கேப் டவுனுக்கும் இடையே வெகு வேகமாகப் போகிற ஒருவர் தன் கடிகாரங்களை அதே விதிப்படி ஒத்துப்போக வைத்தால், அவருக்கு அந்த இரண்டு மின்னலும் ஒரே நேரத்தில் அடித்ததாக வராது. இரண்டு பேரில் யார் சரி என்று கேட்பது, லைப்னிட்ஸ் எதிர்த்த அந்தத் தள்ளிவைத்த உலகம் மாதிரி, விடை இல்லாத கேள்வி. எல்லோருக்கும் பொதுவாக ஓடும் ஒரே காலம் என்ற எண்ணம் எந்த அனுபவத்திலிருந்தும் வரவில்லை, பழக்கத்தால் வந்தது.

பிரெஞ்சுக் கணிதவியலாளர் பொயின்காரே 1898லேயே, தந்திச் சைகைகளை வைத்துத் தீர்க்கரேகை அளப்பவர்களின் வேலையைப் பார்த்து, ஒரே நேரம் என்பது நாம் வகுத்துக்கொள்ளும் ஏற்பாடு என்று எழுதியிருந்தார். கணிதத்தில் அவர் ஐன்ஸ்டைனைவிடப் பெரிய ஆள். ஆனால் ஒளி பரவுவதற்கென்று அன்றைக்கு நம்பப்பட்ட ஈதர் என்ற ஊடகத்தையும், அதில் ஓடும் உண்மையான காலத்தையும் அவர் முழுசாகக் கைவிடவில்லை. ஐன்ஸ்டைன் விட்டார். 1915 டிசம்பரில் மோரிட்ஸ் ஷ்லிக் என்ற தத்துவவாதிக்கு எழுதிய கடிதத்தில், சார்பியலை, அதாவது காலமும் வெளியும் அளப்பவரைப் பொறுத்தவை என்ற இந்தக் கோட்பாட்டைக் கண்டடைவதற்குச் சற்று முன்பு ஹ்யூமை ஆர்வத்தோடு படித்ததையும், அந்தப் படிப்பு இல்லாவிட்டால் தீர்வுக்கு வந்திருக்காமலே போயிருக்கலாம் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். இதைவிட நேரான வாக்குமூலம் அறிவியல் வரலாற்றில் எனக்குத் தெரிந்து குறைவு.

தத்துவம் மட்டும் போதாது என்பதும் இதே கதையில் இருக்கிறது. மின்சாரத்தையும் காந்தத்தையும் ஒளியையும் விவரிக்கும் மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகள் கையில் இல்லாமல் ஹ்யூமை மட்டும் படித்திருந்தால் சார்பியல் வந்திருக்காது. மாக்கின் இன்னொரு எண்ணம், பொருள்களின் நிலைமம் (தன் இயக்கம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) அண்டத்தில் உள்ள மற்ற பொருள்களால்தான் வருகிறது என்பது, ஈர்ப்பையும் விளக்கும் பொதுச் சார்பியலுக்குப் போகும் வழியில் ஐன்ஸ்டைனுக்குத் துணையாக இருந்தது. ஆனால் கோட்பாடு முடிந்த பிறகு, 1917இல், பொருளே இல்லாத அண்டத்தையும் அதே சமன்பாடுகள் அனுமதிக்கின்றன என்று டச்சு வானியலாளர் டி சிட்டர் காட்டிவிட்டார். கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரிப்பதுபோல, மாக்கின் எண்ணம் மெல்ல விலக்கப்பட்டது. கட்டடம் நின்றதா என்பதை எண்தான் சொன்னது: 1919 மே 29 சூரிய கிரகணத்தில், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் பிரின்சிபே தீவிலும் பிரேசிலின் சோப்ராலிலும் நட்சத்திர ஒளி வளைவதை அளந்தார்கள். சார்பியல் சொன்னது 1.75 ஆர்க்செகண்ட் (ஓர் ஆர்க்செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு), நியூட்டன் வழிக் கணக்கு அதில் பாதி. அளவு ஐன்ஸ்டைன் பக்கம் வந்தது.

அதே கொள்கை தடையான இடம்

அளக்க முடியாததை நீக்கு என்று சொன்ன மாக், அதே மூச்சில் அணுவையும் நீக்கச் சொன்னார். அணுவை யாரும் பார்த்ததில்லை. கணக்குக்கு வசதியான கற்பனை. அதற்கு மேல் மதிப்புக் கொடுக்காதீர்கள். வியன்னாவில் போல்ட்ஸ்மன், வெப்பம் என்பதே கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகளின் ஓட்டம் என்று வாழ்நாள் முழுக்க வாதாடிக்கொண்டிருந்தார். மாக்குக்கும், வேதியியலில் பெரும் செல்வாக்கோடு இருந்த ஓஸ்ட்வால்டுக்கும் எதிராக அவர் நடத்திய விவாதங்கள் பிரசித்தம். 1906இல் போல்ட்ஸ்மன் இறந்தார். அதற்கு முந்தைய வருஷமே ஐன்ஸ்டைன், தண்ணீரில் மிதக்கும் நுண்துகள் நடுங்குவதை அளந்தால் மூலக்கூறுகளை எண்ணிவிடலாம் என்று காட்டியிருந்தார். 1908இலிருந்து ழான் பெரென் அதைப் பாரிஸில் அளந்தும் காட்டினார். ஓஸ்ட்வால்டு மனம் மாறினார்.

ஒரே ஆள், ஒரே கொள்கை. தனிமுதலான வெளியின் மேல் வைத்தபோது கதவு திறந்தது, அணுவின் மேல் வைத்தபோது அடைத்தது. என் கணிப்பு இது: முதல் இடத்தில் மாக்கின் கொள்கை கேள்வியாக வேலை செய்தது, இரண்டாவது இடத்தில் தீர்ப்பாக உட்கார்ந்துவிட்டது. இன்று அளக்க முடியவில்லை என்பதும் என்றைக்குமே அளக்க முடியாது என்பதும் வேறு வேறு. தனிமுதலான வெளி இரண்டாவது வகை. அணு முதல் வகை. அந்த வேறுபாட்டைத் தத்துவத்தால் மட்டும் சொல்லிவிட முடியாது. பெரென் மாதிரி ஒருவர் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார வேண்டியிருக்கிறது.

1925இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஹைசன்பர்க் இதே ஆயுதத்தை எடுத்தார். அணுவுக்குள் எலக்ட்ரான் சுற்றும் பாதையை யாரும் பார்த்ததில்லை. பார்ப்பது நிறமாலைக் கோடுகளின் அதிர்வெண்ணும் செறிவும் மட்டும். அந்த எண்களை மட்டும் வைத்துக் கோட்பாடு கட்டுவோம் என்று புறப்பட்டு, அணு அளவில் இயற்கை எப்படி நடக்கிறது என்று சொல்லும் குவாண்டம் இயக்கவியலின் முதல் வடிவத்துக்கு வந்து சேர்ந்தார். அடுத்த வருஷம் பெர்லினில் ஐன்ஸ்டைனைச் சந்தித்தபோது, இது நீங்கள் காட்டிய வழிதானே என்று கேட்டதாகவும், எதை அளக்க முடியும் என்பதையே கோட்பாடுதான் தீர்மானிக்கிறது என்று ஐன்ஸ்டைன் மறுத்ததாகவும் ஹைசன்பர்க் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அந்த மறுப்பே 1927இல், துகளின் இடத்தையும் உந்தத்தையும் ஒருசேரத் துல்லியமாக அறிய முடியாது என்ற நிச்சயமின்மைக் கோட்பாட்டுக்குத் தன்னைக் கொண்டுபோனது என்றும் சொல்கிறார். அதே ஆண்டு கோமோ நகரில் நீல்ஸ் போர், ஒன்றை அளக்கும் ஏற்பாடு மற்றொன்றை அளக்கும் ஏற்பாட்டை விலக்கிவிடும், இரண்டும் சேர்ந்தே முழு விவரம் என்ற தன் கருத்தை முன்வைத்தார்.

கவனிக்கப்படாமல் போன ஒரு பெண்

கிரேட்டே ஹெர்மன் என்ற பெயர் நம் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. அவரைப் பற்றி எழுத வேண்டும் என்பதே இந்தக் கட்டுரைக்கு எனக்குப் பெரிய தூண்டுதல். கணிதத்தில் எம்மி நோதரின் மாணவி. தத்துவத்தில் கான்ட் மரபு. காரண காரியம் இல்லாமல் அறிவே சாத்தியமில்லை என்பது கான்ட். குவாண்டம் இயக்கவியலோ, ஓர் அணு எப்போது சிதையும் என்பதற்குக் காரணம் சொல்வதில்லை. அப்படியானால் அந்தக் கோட்பாடு முழுமை பெறவில்லை என்று வாதிட 1934இல் அவர் லைப்சிக் போய் ஹைசன்பர்க் குழுவோடு மாதக்கணக்கில் விவாதித்தார்.

முழுமை பெறவே முடியாது என்று இயற்பியலாளர்கள் நம்பியதற்கு ஒரு ஆதாரம் இருந்தது. மறைந்திருக்கும் காரணங்களைக் குவாண்டம் இயக்கவியலில் சேர்க்க முடியாது என்று 1932இல் கணித மேதை வான் நாய்மன் நிரூபித்திருந்தார். ஹெர்மன் அந்த நிரூபணத்தைப் படித்து, அதில் ஒரு எடுகோள் நிரூபிக்க வேண்டியதையே முன்கூட்டி உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறது என்று 1935இல் சுட்டிக்காட்டினார். சராசரிகளுக்குப் பொருந்தும் ஒரு கூட்டல் விதியை, மறைந்திருக்கும் ஒவ்வொரு நிலைக்கும் பொருந்தும் என்று வான் நாய்மன் எடுத்துக்கொண்டிருந்தார். ஹெர்மனின் கட்டுரை தத்துவ இதழ் ஒன்றில் வந்தது. நாஜி ஆட்சியை எதிர்த்தவர் என்பதால் அவர் சீக்கிரமே நாட்டைவிட்டு வெளியேற வேண்டியும் வந்தது. 1966இல் இயற்பியலாளர் ஜான் பெல் அதே ஓட்டையைத் தானாகக் கண்டுபிடித்து எழுதும் வரை, முப்பது வருஷம், இயற்பியல் உலகம் அந்த நிரூபணத்தை நம்பிக் கதவைச் சாத்தி வைத்திருந்தது. ஒரு துறை இன்னொரு துறையைப் படிக்காததால் வந்த நஷ்டம் இது. என்னால் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அதே 1935இல் ஐன்ஸ்டைன், போடோல்ஸ்கி, ரோசன் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒன்றாக இருந்து பிரிந்து வெகு தூரம் போய்விட்ட இரண்டு துகள்களில் ஒன்றை அளந்தால் மற்றொன்றின் அளவு தெரிந்துவிடுகிறது. அங்கே போய்த் தொடாமலே தெரிகிறது என்றால் அந்த அளவு முன்பே அதனிடம் இருந்திருக்க வேண்டும். கோட்பாடு அதைச் சொல்லவில்லை, ஆகவே கோட்பாடு குறை. நீல்ஸ் போர் பதில் எழுதினார். பெரும்பாலான இயற்பியலாளர்கள் இது தத்துவச் சண்டை, நமக்கு வேலை இருக்கிறது என்று போய்விட்டார்கள்.

1964இல் பெல் அந்தச் சண்டையை எண்ணாக மாற்றினார். துகள்களிடம் அளவுகள் முன்பே இருந்து, தூரத்திலிருந்து எதுவும் அவற்றைப் பாதிக்காது என்றால், அளவீடுகளுக்கு இடையிலான ஒத்திசைவு ஓர் எல்லையைத் தாண்டாது. 1969இல் கிளாசரும் இன்னும் மூன்று பேரும் இதை ஆய்வகத்தில் அளக்கத் தோதான வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள்: எல்லை 2, குவாண்டம் இயக்கவியலோ ஏறக்குறைய 2.83 வரை போகலாம் என்கிறது. அந்த நால்வரில் ஆப்னர் ஷிமோனி முதலில் தத்துவத்திலும் பிறகு இயற்பியலிலும் முனைவர் பட்டம் வாங்கியவர். 1972இல் ஃப்ரீட்மனும் கிளாசரும், 1982இல் அலன் ஆஸ்பேயும் நடத்திய சோதனைகளில் பெல் போட்ட எல்லை உடைந்தது. ஐன்ஸ்டைன் எதிர்பார்த்தபடி உலகம் இல்லை. கிளாசர், ஆஸ்பே, சைலிங்கர் மூவருக்கும் 2022இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கேள்விகள் டர்பன் வரை வந்து சேர்ந்தன. 2010 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது மோசஸ் மபிடா மைதானத்திலிருந்து போன தகவல் இணைப்பொன்று குவாண்டம் குறியாக்கத்தால் பாதுகாக்கப்பட்டது. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் குவாண்டம் ஆய்வுக் குழு, எதேக்வினி நகராட்சியோடு சேர்ந்து நகரத்தின் ஒளியிழைக் கம்பிகளில் ஏற்கெனவே இந்த முயற்சியைத் தொடங்கியிருந்தது. நிறவெறி ஆட்சி இந்தியர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் 2004இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்தபோது உருவானதுதான் இந்தப் பல்கலைக்கழகம். குறியாக்கத்தின் உள்ளே இருப்பது நீல்ஸ் போர் சொன்ன விஷயம்: ஒளித்துகளை ஒரு வழியில் அளந்தால் இன்னொரு வழியில் அதனிடம் இருந்த தகவல் கலைந்துவிடும். நடுவில் ஒட்டுக்கேட்பவர் அளக்காமல் கேட்க முடியாது. அளந்தால் தடயம் விழும். பென்னட்டும் பிராசாரும் 1984இல் இப்படி ஒரு முறையை வகுத்தார்கள். 1991இல் ஆர்தர் எக்கெர்ட், பெல்லின் எல்லையையே பூட்டின் சோதனையாக வைத்து இன்னொரு முறையைச் சொன்னார்.

எண்ணுக்கு வராத தத்துவங்கள்

நம் நாட்டுக்காரர் ஒருவரும் இந்தக் காலத்தில் தத்துவ நூல் எழுதினார். 1926இல் வந்த அந்த நூலை எழுதியவர் ஜெனரல் ஸ்மட்ஸ். 1913இல், ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள் மேல் போடப்பட்ட மூன்று பவுன் வரிக்கு எதிராக நேட்டால் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது எதிரே நின்ற அமைச்சர். முழுமை என்பது பகுதிகளின் கூட்டுத்தொகையைவிடப் பெரியது, அண்டமே முழுமைகளை நோக்கிப் போகிறது என்பது அவர் வாதம். புது இயற்பியலைக் கரிசனையோடு படித்தவர். 1931இல் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் நூற்றாண்டுக்குத் தலைவராக இருந்து அறிவியலின் உலகப் பார்வை பற்றி உரையாற்றினார். சூழலியலில் அவர் எண்ணம் பேசப்பட்டது. இயற்பியலில் அதிலிருந்து ஒரு கணிப்பும் பிறக்கவில்லை. சொந்த நாட்டு மக்களைப் பிரித்துவைக்கும் அரசியலை ஆதரித்தவர், முழுமை பற்றி எழுதினார் என்பதை நேட்டால் தமிழர் மறந்துவிட்டுப் படிக்க முடியாது.

ஷ்ரோடிங்கரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், கோயில் பேச்சுகளில் அவர் பெயர் அடிக்கடி வருகிறது. அவர் வேதாந்தத்தை ஆழமாகப் படித்தவர், உணர்வு ஒன்றே என்று உறுதியாக நம்பியவர். அலைச் சமன்பாட்டுக்குச் சற்று முன்பு, 1925இல், அதைப் பற்றி எழுதியும் வைத்தார். ஆனால் 1926இல் அவர் வெளியிட்ட சமன்பாட்டின் பாதை தெளிவாகத் தெரிகிறது: டி பிராய் 1924இல் சொன்ன பொருளலைகள், ஹாமில்டன் காட்டிய ஒளியியலுக்கும் இயக்கவியலுக்கும் உள்ள ஒற்றுமை. வேதாந்தம் அந்த மனிதரை உருவாக்கியது. சமன்பாட்டை அதிலிருந்து பெற்றதாகக் காட்ட வழியில்லை. இப்படிச் சொல்வதால் வேதாந்தத்துக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

கேப் டவுனிலிருந்து ஒரு கேள்வி

இன்றைக்கும் இந்த உறவு உயிரோடு இருக்கும் துறை அண்டவியல், அதில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த ஜார்ஜ் எல்லிஸ், ஹாக்கிங்கோடு சேர்ந்து 1973இல் வெளி-காலத்தின் அமைப்பைப் பற்றி எழுதிய நூலால் உலகப் பெயர் பெற்றவர். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர், நிறவெறியை எதிர்த்து வெளிப்படையாகப் பேசியவர். 1970களிலிருந்து அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்று: அண்டத்தைப் பற்றி நாம் அளந்து அறிந்தது எவ்வளவு, அளக்காமல் எடுத்துக்கொண்டது எவ்வளவு?

நாம் அண்டத்தில் தனிச்சிறப்பான இடத்தில் இல்லை, பெரிய அளவில் பார்த்தால் அண்டம் எங்கும் ஒரே மாதிரி என்று அண்டவியல் எடுத்துக்கொள்கிறது. அண்டத்தின் வயது, அண்டத்தின் விரிவை வேகப்படுத்துவதாகக் கருதப்படும் இருண்ட ஆற்றலின் அளவு எல்லாம் இந்த எடுகோளின் மேல் நின்றுதான் கணக்கிடப்படுகின்றன. ஆனால் நாம் பார்ப்பது ஓர் இடத்திலிருந்து, ஒரே காலத்திலிருந்து. 1978இல் எல்லிஸும் இரண்டு சகாக்களும், விரிவே அடையாத, நாம் ஒரு நடுப்புள்ளிக்கு அருகே இருக்கும் அண்டம் ஒன்றைச் சமன்பாடுகளில் கட்டிக் காட்டினார்கள். அது உண்மை என்று நிறுவுவது நோக்கமில்லை. அதை நாம் தள்ளிவிடுவதில் தத்துவத்துக்கும் பங்கு இருக்கிறது என்று காட்டுவதுதான் நோக்கம்.

பிறகு அவர் செய்ததுதான் என்னை அவர் பக்கம் இழுக்கிறது. 1984இல் ஜான் பால்ட்வினோடு சேர்ந்து அந்த எடுகோளுக்கே ஒரு சோதனை வகுத்தார். அண்டத்தின் தொடக்க காலத்திலிருந்து எங்கும் பரவியிருக்கும் பின்னணிக் கதிர்வீச்சை வைத்துப் பார்த்தால் சூரியக் குடும்பம் செகண்டுக்கு சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு திசையில் போகிறது. அப்படியென்றால் அந்தத் திசையில் வானத்தின் ரேடியோ மூலங்கள், அதாவது ரேடியோ அலை வீசும் பொருள்கள், சற்று அதிகமாகவும், எதிர்த்திசையில் சற்றுக் குறைவாகவும் எண்ணப்பட வேண்டும். எவ்வளவு என்று கணக்கிட்டுவிடலாம். அண்டம் எங்கும் ஒரே மாதிரி என்றால் இரண்டு எண்ணும் பொருந்தும்.

2014 டிசம்பரில் நேச்சர் இதழில் ஜோ சில்க்கோடு சேர்ந்து, சோதிக்கவே முடியாத பல அண்டங்கள் போன்ற கருத்துகளுக்கு அழகை மட்டும் பார்த்து அறிவியல் என்ற இடம் கொடுக்கக்கூடாது என்று எல்லிஸ் எழுதினார். எதிர்த்தவர்கள் அணு விஷயத்தில் மாக் செய்ததை நினைவூட்டினார்கள். அவர்கள் வாதத்தில் வலு இருக்கிறது, ஆனாலும் நான் எல்லிஸோடு நிற்கிறேன். அணுவுக்காக வாதாடியவர்கள் அதை எப்படி எண்ணுவது என்று தேடிக்கொண்டே இருந்தார்கள்.

1984இல் வகுத்த சோதனைக்கு இப்போது விடைகள் வர ஆரம்பித்திருக்கின்றன. 2021இல் வெளியான, 13 லட்சத்துக்கும் மேற்பட்ட குவேசார்களை (வெகு தொலைவில் பேரொளியோடு தெரியும் விண்மீன் மண்டல மையங்களை) எண்ணிய ஓர் ஆய்வில், வேறுபாடு எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காக வந்தது. அளவீட்டில் ஏதோ பிசகு என்று சிலர், எடுகோளே ஆட்டம் காண்கிறது என்று சிலர். நார்தர்ன் கேப் மாகாணத்தின் கரூ வறண்ட நிலத்தில் 2018இல் திறக்கப்பட்ட மீர்காட்டின் 64 அலைவாங்கிகளைச் சேர்த்துக்கொண்டு, மொத்தம் 197 அலைவாங்கிகளோடு எஸ்.கே.ஏ. ரேடியோ தொலைநோக்கி அங்கே எழும்பிக்கொண்டிருக்கிறது. இதுவரை எண்ணியதைவிடப் பல மடங்கு ரேடியோ மூலங்களை அது எண்ணும். எண்ணிக்கை மறுபடியும் பொருந்தாமல் போனால், அண்டத்தின் வயதிலிருந்து இருண்ட ஆற்றல் வரை எல்லாக் கணக்கையும் திரும்பப் போட வேண்டிவரும்.